கம்ப்யூட்டருக்குக் காட்டிய சாம்பிராணி

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். புரியாத பொருள் கெட்டுப்போனால் எனக்கு முதலில் பயம்தான் வரும்.

ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் என் வீட்டுக் கம்ப்யூட்டர், கேம் ஆடும்போது மட்டும் திடீரென்று அணைந்துவிடும். படம் பார்த்தால் ஒன்றும் ஆகாது. சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி, வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆன்லைனில் என்னோடு கேம் ஆடும்போதுதான் மனம்விட்டுப் பேசுவான். அன்று, "அண்ணே, இந்த வேலைய விட்டுறலாம்னு..." என்று தொடங்கினான். கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

கண் பட்டிருக்கும் என்று நினைத்தேன். சாமி மேடைக்குக் கீழேதான் அது இருந்தது. அடுத்த வெள்ளி அதற்கும் சேர்த்துச் சாம்பிராணி காட்டினேன். முன்பைவிடச் சீக்கிரம் அணைந்தது. மறுவாரம் இன்னும் அதிகமாகப் புகை போட்டேன். மறுபடியும் அதே கதை.

தம்பி போன் செய்தான். "நான் அந்தப் பேச்ச எடுத்தாலே ஆஃப் பண்றியாண்ணே?"

"ஐயோ, இல்லடா. அதுவா சாவுது."

"சுடுதா, தொட்டுப் பாரு லா."

தோசைக்கல்லாய்ச் சுட்டது. அவன் சொன்னபடி பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே காற்றாடியில் பஞ்சுபோல் தூசி அப்பியிருந்தது. எடுத்து மோந்து பார்த்தேன். சாம்பிராணி வாசம்.

தம்பி சிரித்தான். "கொசுவ விரட்டுற மாதிரி புகை போட்டிருக்கண்ணே. மூச்சு முட்டிருச்சு அதுக்கு."

துடைத்து, எதிர்ச் சுவரோரம் மாற்றி வைத்தேன். அன்று ஆட்டம் நிற்கவில்லை. அவனும் பாதியில் நின்ற பேச்சை முடித்தான். "ஈப்போவுக்கே வந்துறவாண்ணே?"

"வாடா," என்றேன்.

பயம் இன்னும் வரத்தான் செய்கிறது. ஆனால் சாம்பிராணியைத் தேடுவதற்கு முன், சுடுகிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன்.