பூட்டிய கல்யாண வீடு

போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு மண்டபத்தைப் பிடித்து, எஸ்கேப் ரூம் போட்டி நடத்தினேன். நாலு பேர் கொண்ட அணியை அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுவேன். புதிர்களை அவிழ்த்து வெளியே வர வேண்டும். பேய் பங்களா, கடற்கொள்ளைக்காரன் என்று அசலூர்ச் சரக்கு எதற்கு? ஒரு கல்யாண வீட்டையே உள்ளே ஜோடித்தேன். மணமேடை, பன்னீர்ச் செம்பு, பட்டுடுத்திய மணப்பெண் பொம்மை. எம்புட்டு மூளை எனக்கு என்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

ஒரே ஆள் எல்லாவற்றையும் செய்துவிடக் கூடாது என்று சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். கடைசி வேலை, பொம்மைக்குக் குங்குமம் வைப்பது. வைத்தால்தான் கதவைத் திறப்பேன்.

தளவாய்புரத்திலிருந்து நைட்டி தைக்கும் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். மூன்று பேர் வயசுப் பிள்ளைகள். ஒருவர் மட்டும் நாற்பது வயது அக்கா. வீட்டுக்காரர் தவறிய பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போவதில்லையாம். யாராவது முகம் சுளித்துவிடுவார்களோ என்று பயம். "வெளையாட்டுதானக்கா, யாரு என்ன சொல்லப் போறா" என்று பிள்ளைகள்தான் இழுத்து வந்திருக்கிறார்கள். இதெல்லாம் பிறகுதான் எனக்குத் தெரியும். நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டு வைத்திருந்தார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

பிள்ளைகள் மூவரும் தங்கள் வேலையை முடித்துவிட்டார்கள். அக்கா குங்குமச் சிமிழைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, நான் வச்சா என்ன?" என்றாள் ஒரு பிள்ளை.

"அதெல்லாம் ஏலாது. சீட்டு யாருக்கோ அவியதான் வைக்கணும்" என்று மைக்கில் அதட்டினேன். அதோடு நிறுத்தியதா இந்தச் சனியன் பிடித்த வாய்? "என்னக்கா, பொட்டு வைக்கக்கூடத் தெரியாதா?"

உள்ளே நடப்பதைக் கேமரா வழியாக வெளியே டிவியில் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் சிரித்தது.

"அக்காவுக்கு வீட்டுக்காரரு இல்லண்ணே!" என்று அந்தப் பிள்ளை கத்தினாள். சிரிப்பு நின்றது. நான் மைக்கைக் கீழே வைத்தேன்.

அக்கா விரலைச் சிமிழில் தொட்டுப் பொம்மைக்கு வைத்தார். கதவைத் திறந்தேன். பிள்ளைகள் அவரைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். அதுவரை வந்த அணிகளில் நேரக் கணக்கில் அவர்கள்தான் முதல். அக்காவும் சிரித்தார். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

அடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர் அணி. அதிலிருந்த ஓர் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதீய. மகளுக்கு வரன் பாத்துக்கிட்டு இருக்கோம். அந்தக் குங்குமத்த மட்டும் மாத்திருங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். மைக்கில் அம்புட்டு அதட்டிய வாய்க்கு அது வரவில்லை. உள்ளே போனேன். பொம்மையின் நெற்றியை ஈரத்துணியால் துடைத்தேன். சிமிழைக் குப்பைத்தொட்டியில் கவிழ்த்து, புதுப் பாக்கெட்டைப் பிரித்துக் கொட்டினேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது என் மண்டைக்கு உறைக்கவே இல்லை.

வெளியே வந்தால் கூட்டம் முழுக்க என்னையே பார்த்தது. அக்கா டிவிக்கு முன்னால் நின்றிருந்தார்.

"மாத்தியாச்சா தம்பி?" என்றார்.

"ஆமாக்கா" என்றேன். நாக்கூசாமல் அதையும் சொன்னேன்.