பளபளத்த காருக்கு வந்த வரி

மார்கிட் லோரென்ஸனுக்குக் கடை இல்லை. ஹொய்யரிலிருந்து கடலணை வரைக்கும் ஜெர்மன் எல்லையோரச் சதுப்பு நிலத்தில் சிதறிக் கிடக்கிற வீடுகள்தான் அவளுடைய கடை. வெளியே இறங்க முடியாத வயதானவர்களின் குசினிக்குள் போவாள். கதிரையை யன்னல் பக்கம் திருப்பி, தலை கழுவுகிற தொட்டியை விரித்து, மயிர் வெட்டி, சுருள் பிடித்து, கடைசியில் தரையையும் கூட்டிவிட்டு வருவாள். அதற்கு முன்பு பக்கத்து நகரமான தொன்னரில் ஒரு சலூனில் வேலை செய்தவள். எந்தத் தலையைப் பார்த்தும் "உங்களுக்கு நல்ல வடிவாயிருக்கு" என்று சொல்ல வேண்டும் என்பது அங்கே முதலாளியம்மாவின் சட்டமாம். ஒருநாள் யாரோ ஒரு பெண்ணிடம் "இல்லை, இது உனக்குப் பொருந்தேல்லை" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இதை அவள் சொல்லவில்லை. அவளிடம் தலை கொடுத்தவர்கள் சொன்னார்கள்.

காசு வாங்குவதிலும் அவளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் வெட்டி முடிய வேண்டும். பிறகு கண்ணாடி, பிறகு கோப்பி. கோப்பி முடிந்து எழும்பும்போது கோப்பைத் தட்டுக்குக் கீழே காசு இருக்கும். யாராவது முன்கூட்டி நீட்டினால் தொடமாட்டாள்.

"பிடிக்காட்டி என்ன செய்வாய்? மயிரைத் திருப்பி ஒட்டச் சொல்லுவியோ?" என்பாள்.

நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துக்கும் அவள் வருவாள். அங்கே அவளுடைய மின்சுருளி ஒருமுறை பியூஸை அடித்துவிட்டது. நான் பதறி ஓடி வந்து பார்த்தேன். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம். எனக்கு எதற்கும் பதற்றம் வரும். அவளுக்கு அது பொழுதுபோக்கு.

மார்ச் மாதத்தில் அவளுடைய பழைய கார் பரிசோதனையில் விழுந்தது. பரிசோதகர் அடித்தட்டில் திருப்புளியால் மெல்லத் தட்டிப் பார்த்திருக்கிறார். திருப்புளி கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. கடற்காற்று உள்ளுக்குள்ளேயே தின்றிருந்தது.

அது சாதாரணமான காலமாக இருந்தால் பரவாயில்லை. ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் தொடங்கும்; பதின்வயதில் ஞானஸ்நானத்தை உறுதிசெய்கிற சடங்கு, சொந்தமெல்லாம் கூடுகிற விருந்து. அந்த வாரங்களில் சதுப்பு நிலத்தில் உள்ள ஒவ்வொரு வெள்ளைத் தலையும் சுருள் கேட்கும். மார்கிட் வராவிட்டால் நகரசபையின் சிறிய பஸ்ஸைக் கூப்பிட்டு எல்லோரும் தொன்னருக்குப் போய்விடுவார்கள். அங்கே சலூனில் சூடாக இருக்கும், சஞ்சிகை இருக்கும், பக்கத்துக் கதிரையில் பழைய சிநேகிதி இருப்பாள். ஒருதரம் அந்தச் சுகம் கண்ட தலை திரும்பி வராது. அதற்குள் கார் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

"எல்லைக்கு அங்கால கார் மலிவு," என்றேன் நான். மார்கிட்டின் குசினியில் இருந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவளுடைய பக்கத்து வீட்டுக்காரர் நிஸ். பாரவண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். காதுகளுக்கு மேலே கொஞ்சம் பஞ்சு ஒட்டினாற்போல இருக்கும். மற்றபடி தலை வெறும் தலை.

"கார் மலிவுதான்," என்றார் நிஸ். "அங்க சனத்திட்டை ஒருக்கா வாங்குவாய். இஞ்ச கொண்டுவந்து அரசாங்கத்திட்டை அதையே இன்னொருக்கா வாங்குவாய்."

மார்கிட் மடிகணினியைத் திருப்பிக் காட்டினாள். எல்லைக்கு அப்பால் நீபூலில் ஒரு நீல எஸ்டேட் கார், பின்பக்கம் நீண்டது. பன்னிரண்டு வயது. கதவு நெளிந்திருந்தது. முன்பக்க பம்பரில் வெடிப்பு. பின்சீற்றை நாய் பிறாண்டியிருந்தது. எஞ்சினுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தது. தொட்டியும் சுருளியும் கூந்தல் உலர்த்தியும் நிமிர்த்தி வைக்கப் போதிய இடம்.

"விலையை விடு," என்றார் நிஸ். "பதிவு வரி எவ்வளவு வரும் எண்டு முதல் பாப்பம். இதே வயசு, இதே ஓட்டம், இதே எஞ்சின். எங்கட பக்கத்திலை விக்கிற காருகளை எடு. இஞ்ச என்ன விலை போகும் எண்டுதான் அவங்கள் பாப்பாங்கள். அந்த விலைக்குள்ள வரியும் ஒளிஞ்சிருக்கு."

அவள் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

"ஓகூஸிலை ஒண்டு."

"மினுங்குது. டாக்குத்தர்மாற்றை கார். ஞாயிற்றுக்கிழமையிலை மட்டும் ஓடினது. விடு."

"இது?"

"தோல் சீற். விடு."

"இது? பக்கமெல்லாம் கீறு."

நிஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிப் பார்த்தார். "இவன்தான் எங்கட ஆள்."

அப்படி ஒத்துவந்த கார்களின் விலையை வைத்து, ஒரு கடித உறையின் பின்புறத்தில் நிஸ் கிறுக்கினார். வரி இருபத்தையாயிரம் குரோனர் வரும் என்றார். மார்கிட்டிடம் காரின் விலை போக மிஞ்சுவது அதற்குச் சற்று மேலே. போன வருடம் கூரை வேய்வதற்கு வங்கியில் கடன் எடுத்தவள். இனி அங்கே போக முடியாது.

நான் சும்மா இருக்கவில்லை. வரி அலுவலகத்துக்கே போன் எடுத்துக் கேட்கச் சொன்னேன். அவள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"காரைப் பாக்காமல் சொல்லேலாது," என்றாள் மறுமுனையில் இருந்த பெண், நல்ல மரியாதையாக.

"வாங்காமல் எப்பிடிக் காட்டுறது?"

"ஓம். கனபேர் அதைத்தான் கேக்கினம்."

நிஸ் சிரித்து முடிய இருமினார். "பயப்பிடாதை. ஒண்டை மட்டும் ஞாபகம் வைச்சிரு. கார் எவ்வளவு கேவலமாய் இருக்கோ அவ்வளவுக்கு வரி குறைவு."

மார்கிட் தலையாட்டினாள். அது வாங்குகிற காரைப் பற்றிய புத்தி என்று எடுத்துக்கொண்டாள் போலும். அடுத்த நாள் நிஸ் முழங்கால் சத்திரசிகிச்சைக்காக ஓடென்ஸவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

காரை எடுக்க நானும் கூடப் போனேன். திரும்பும்போது என்னுடைய காரையும் யாராவது ஓட்ட வேண்டுமே. வெளிக்கிடும்போது கடவுச்சீட்டு, வதிவிட அட்டை, காப்புறுதிப் பத்திரம், இல்லத்தில் வேலை செய்கிற அத்தாட்சி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன்.

"கலியாணமோ?" என்றாள் மார்கிட்.

"எல்லை கடக்கிறம்."

"நான் ரொயிலெற் பேப்பர் வாங்கவே கிழமைக்கு ஒருக்கா கடக்கிறனான். அந்தச் செம்மறியளைப் பார். அதுகளிட்டை ஆரும் அட்டை கேக்கினமோ?"

நீபூலில் கார்க்காரி ஒரு விவசாயியின் மனைவி. கார்ஸ்டென்ஸ் அம்மா. மார்கிட் பள்ளிக்கூடத்திலேயே இரண்டு மொழியும் படித்தவள். அவர்கள் இருவரும் ஜெர்மனில் மழையைப் பற்றிக் கதைத்தார்கள், ஆட்டுக்குட்டிகளைப் பற்றிக் கதைத்தார்கள். காரைப் பற்றிக் கதைக்க நெடுநேரமானது.

"நாய் எங்க?" என்று கேட்டாள் மார்கிட்.

"மாசியிலை போயிட்டுது. அதுக்காகத்தான் இந்தக் காரை வைச்சிருந்தனாங்கள். குளிரூட்டி வேலை செய்யாது. பின்யன்னல் ஒண்டு இறங்காது. முன்னமே சொல்லிப்போடுறன்."

"எனக்குக் குளிரூட்டி எதுக்கு? எங்கட பக்கம் வானமே செய்யுது."

காசு கை மாறியது. தற்காலிக இலக்கத் தகட்டுடன் கார் எல்லைக்கு இந்தப் பக்கம் வந்தது. யாரும் எங்களை மறிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையைத் திரும்பவும் அலமாரியில் வைத்தேன்.

வரி மதிப்புக்கும் பதிவுக்குமான பரிசோதனைக்கு அடுத்த கிழமை நேரம் கிடைத்தது. இந்தப் பக்கத்துப் பெண்கள் விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டின் நிலவறையையும் துடைப்பார்கள், விருந்தாளி அங்கே இறங்கப் போவதில்லை என்று தெரிந்தாலும். மார்கிட்டுக்குப் பரிசோதனையும் அப்படித்தான். அந்நிய மனுஷன் ஒருவன் வந்து காருக்குள் தலையை நீட்டப் போகிறான். நாய் மயிரோடு காட்டுவதா?

முதல் நாள் கழுவினாள். அடுத்த நாள் சீற்றைக் கழற்றி வினாகிரி போட்டுத் தேய்த்து, பிறாண்டின இடத்துக்கு உறை தைத்துப் போட்டாள். அவளுடைய மைத்துனனுக்குக் கராஜ் வேலை தெரியும். அவன் வந்து கதவின் நெளிவை ரப்பர் உறிஞ்சி வைத்து வெளியே இழுத்தான். வேறொரு காரிலிருந்து நல்ல பம்பர் கொண்டுவந்து பூட்டினான். கூலியாக அவனுடைய நாலு பிள்ளைகளுக்கும் மயிர் வெட்டிவிட்டாள். நான் வேலை முடிந்து போனபோது மெழுகு பூசிக்கொண்டிருந்தாள். நீலம் அவளுடைய முகத்தில் தெரிந்தது.

"எப்பிடி?"

"புதுசு மாதிரி இருக்கு," என்றேன்.

"பரவாயில்லை," என்றாள். இங்கே அதற்கு மேலே புகழ்ச்சி கிடையாது. சந்தோஷத்தில் காதுவரை சிவந்திருந்தாள்.

பரிசோதனைக் கொட்டகையில் இளம் ஆள் ஒருவன். காரைச் சுற்றி வந்தான். உயர்த்தினான், இறக்கினான், படம் எடுத்தான். "நல்லாய் வைச்சிருக்கிறாய்," என்றான். பிறகு கையில் இருந்த திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்:

"குறிக்கிறதுக்கு வேற குறை ஏதும் இருக்கோ? எல்லாம் வேலை செய்யுதோ?"

குளிரூட்டி என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் சீருடை போட்ட எவனுக்கு முன்னாலும் என் நாக்கு அசையாது. மார்கிட்டோ, விருந்தாளி வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்கிறவள் போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பிடி ஒண்டும் இல்லை," என்றாள்.

சில நாளில் வரி மதிப்பு வந்தது. காரின் நிலைமை சராசரிக்கு மேல். கட்ட வேண்டியது முப்பத்துநாலாயிரம். அவளிடம் அவ்வளவு இல்லை.

நிஸ் ஊன்றுகோலோடு திரும்பி வந்தவர் தன் வாசலுக்குக்கூடப் போகவில்லை. நேரே அவளுடைய முற்றத்துக்கு வந்து, காரை ஒருதரம் சுற்றி வந்தார்.

"ஆரின்ரை கார் இது?"

"என்ரை."

"நான் மதிப்புப் போட்ட கார் எங்க?"

"இதுதான். கழுவினனான்."

"கழுவினியோ! மார்கிட், வரிக்காரனுக்குக் காட்டுற காருக்கு ஆரும் மெழுகு பூசுவாங்களோ? சுத்தியல் எங்க? கொண்டா. கதவிலை ஒண்டு போடுறன், ரெண்டாயிரம் குறையும்."

"தொட்டுப் பார்!"

"குளிரூட்டி வேலை செய்யாதெண்டாவது எழுதிப் போடு. மறுபடி பாப்பாங்கள்."

அவள் தலையை ஆட்டினாள். "அவன் கேட்டவன். இல்லை எண்டு சொல்லிப்போட்டன். இப்ப போய்க் குறை இருக்கு எண்டு சொல்லுறதோ? கார் நல்ல கார்தான், நிஸ். அவங்கள் பிழை விடேல்லை."

"எழுதி என்ன," என்று நிஸ் தனக்குத்தானே முணுமுணுத்தார். "பாத்து முடியக் கோடை வந்திடும்."

வரி கட்டும்வரை கார் முற்றத்தில்தான். மார்கிட் சைக்கிளில் கத்தரிக்கோல் பையைக் கட்டிக்கொண்டு போனாள். தொட்டியைக் கொண்டுபோக முடியாது. வாடிக்கையாளர்களின் கழுவுதொட்டியில் குனியவைத்துக் கழுவினாள். குனிய முடியாதவர்களை விட்டுவிட்டாள். மேற்குக் காற்று அடிக்கிற நாளில் கடலணை வரைக்கும் சைக்கிளை உருட்டத்தான் முடியும். எனக்கு ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில் நான் ஏற்றிக்கொண்டு போனேன். போதவில்லை. அணைக்குப் பக்கத்துக் கடைசி வீட்டு டாக்மார் போன் எடுத்தாள். தொண்ணூறு தாண்டியவள். கொள்ளுப்பேரனின் திடப்படுத்தலுக்கு நகரசபை பஸ்ஸைச் சொல்லட்டுமா என்று கேட்டாள். "கொஞ்சம் பொறு," என்றாள் மார்கிட். போனை வைத்துவிட்டுக் காரை ஒருதரம் துடைத்தாள், தூசி இல்லாவிட்டாலும்.

மறுநாள் நிஸ் அவளைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன். அவருடைய முழங்கால் கட்டை மாற்றிவிடப் போயிருந்தேன். குசினிக் கதிரையை அவர் ஏற்கெனவே யன்னல் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"மயிர் வெட்டவேணும்," என்றார்.

மார்கிட் அவருடைய தலையை இப்படியும் அப்படியும் பார்த்தாள். "எதை?"

"காதுக்கு மேல இருக்கெல்லோ. பத்துத்தரம் வெட்ட ஒரேயடியாய்க் காசு தாறன்."

"நான் முன்காசு வாங்கிறேல்லை. உனக்குத் தெரியும்."

"உனக்கு நான் காருக்கு மதிப்புப் போட்டுத் தந்தனான். பிழைச்சுப் போச்சு. இப்ப நீ இதுக்கு மதிப்புப் போடு. பழைய தலை. ஓட்டம் கூட. மேல் பூச்சு முழுக்கப் போயிட்டுது. உள்ள என்ன வேலை செய்யுது எண்டு ஆருக்கும் தெரியாது. குறைச்சுத் தா எண்டு கேக்கேல்லை, முழுவிலை தாறன்."

மார்கிட் சிரிக்கவில்லை. யன்னலால் தன் முற்றத்தைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து துணியை எடுத்து அவருடைய கழுத்தைச் சுற்றிக் கட்டினாள். காதுகளுக்கு மேலே இருந்ததை நிதானமாக வெட்டினாள். கழுத்துப் பக்கம் சவரம் செய்தாள். கண்ணாடி பிடித்துக் காட்டினாள்.

"வடிவாயிருக்கோ?" என்று கேட்டார் நிஸ்.

"இல்லை. ஆனால் துப்புரவாயிருக்கு."

தரையைக் கூட்டினாள். கோப்பி குடித்தோம். அவள் எழும்பித் தட்டைத் தூக்கினாள். கீழே பத்து வெட்டுக்கான காசு இருந்தது. ஒருதரம் எண்ணினாள். எடுத்தாள்.

நிஸ் அன்று மாலையே அவளுடைய வாடிக்கையாளர்களுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த நாள் டாக்மார் கூப்பிட்டு, தனக்கும் பத்து வெட்டு வேண்டும் என்றாள். "அவ்வளவு காலம் இருப்பனோ தெரியாது, இருந்தாலும் போடு." பிறகு இன்னும் இரண்டு பேர். எல்லோரிடமும் மார்கிட் ஒரே நிபந்தனை வைத்தாள்: முதல் வெட்டு, பிறகு கோப்பி, பிறகு தட்டு. கிட்ட உள்ளவர்களிடம் சைக்கிளில் போனாள். டாக்மார் வீட்டுக்கு ஞாயிறு நான் ஏற்றிக்கொண்டு போனேன். திங்கட்கிழமை வரியைக் கட்டினாள். புதிய தகட்டை மைத்துனன் பூட்டினான். திடப்படுத்தல் வாரம் தொடங்குவதற்கு முன்பே நீலக் கார் அணைப் பாதையில் ஓடியது.

கோடையில் ஒருநாள் நிஸ் வீட்டுக்குப் போனேன். அவர் கழுத்தில் துணியோடு யன்னல் பக்கம் இருந்தார். மார்கிட் ஒரு காதைப் பிடித்து மடித்து, அதற்குப் பின்னால் எதையோ தேடி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லு இவளுக்கு," என்றார் நிஸ் என்னைப் பார்த்து. "போதும், விடு எண்டு சொல்லு. மிச்சக் காசை நான் கேக்கமாட்டன்."

"இன்னும் ஏழு இருக்கு," என்றாள் மார்கிட். "அசையாமல் இரு."