ஏத்துக்கூலி உள்பட

அழகுமலை அண்ணன் இஞ்ச் டேப்பைச் சத்தமாக உள்ளே விடமாட்டார். மற்றவர்கள் அளந்து முடித்ததும் பொத்தானை அழுத்துவார்கள். நாடா சீறிக்கொண்டு ஓடிவந்து கூட்டில் ‘டப்’பென்று முட்டி நிற்கும். அவர் இடது கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நாடாவைப் பிடித்துக்கொள்வார். அது விரல்களுக்கிடையே வழுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். ஒட்டியிருக்கிற தூசியை அந்த விரல்களே துடைத்துவிடும். கடைசி ஒரு சாண் வரும்போது இன்னும் மெதுவாகும். கொக்கி கூட்டில் போய் உட்கார்வது கண்ணுக்குத்தான் தெரியும், காதுக்குக் கேட்காது. அந்த நேரத்தில்தான் அவர் மனக்கணக்குப் போடுவார். நாடா உள்ளே போய் முடியவும் அவர் விலையைச் சொல்லவும் சரியாக இருக்கும்.

பரவையில், திண்டுக்கல் ரோட்டின் மேல் இருக்கிற ஒரு ஷீட் கடையில் நான் பில் போடுகிறேன். கூரைக்குப் போடும் கலர் ஷீட்டை அளவுக்கு வெட்டிக் கொடுக்கிற கடை. அண்ணனை அங்கேதான் பழக்கம். பல வருஷமாகத் தன் மச்சான் ஜெயபாண்டியிடம் கூரை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஜெயபாண்டி, அண்ணனின் வீட்டுக்காரி தமிழ்ச்செல்விக்கு உடன்பிறந்தவர். நாலைந்து செட் ஆட்களை வைத்து மதுரை முழுக்கக் கூரை போடுகிற கான்ட்ராக்டர். சம்பளம் ஒழுங்காகக் கொடுப்பார். கூடவே ஆட்கள் முன்னால் ஒரு சொல்லும் கொடுப்பார். “மாப்ளைக்கு ஏணியப் புடிக்கத் தெரியும், ஆளப் புடிக்கத் தெரியாது” என்பது அவருக்குப் பிடித்த சொல்.

போன வருஷம் ஆடி கழிந்து அண்ணன் தனியாகத் தொழில் செய்யப்போவதாகச் சொன்னார். சீட்டு எடுத்த பணத்தைக் கொடுத்தது தமிழ்ச்செல்வி அக்காதான். ஒரே ஒரு நிபந்தனை. “மொதல் வேலையில கையச் சுட்டுக்கிட்டா, மறுபேச்சுப் பேசாம எங்க அண்ணன்கிட்டயே போயிரணும்.” அண்ணன் தலையாட்டினார். ‘அழகுமலை ரூஃபிங்’ என்று நீல எழுத்தில் கார்டு அடித்து, ஒரு கட்டை எங்கள் கடை மேஜையில் கொண்டுவந்து வைத்தார்.

ஜெயபாண்டி சரக்கு எடுக்க வந்தபோது அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மாப்ள, பேரெல்லாம் பெருசாத்தான் இருக்கு. எனக்கும் ஒண்ணு குடுங்க, வேலை கெடைக்காதப்ப கூப்பிடுறேன்.”

“ரெண்டா வச்சுக்கங்க மச்சான். ஒண்ணு தொலைஞ்சுரும்.”

சொல்லிவிட்டு அண்ணன் சிரித்தாலும், காது மடல் சிவந்திருந்தது.

அந்தக் கார்டைப் பார்த்து வந்த முதல் ஆள் சௌரிராஜன் ஐயா. தெற்கு மாசி வீதிப் பக்கம் ஒரு சந்தில் நூல் கடை வைத்திருந்து மூடியவர். மனைவி ஹம்சவேணி அம்மாவுக்கு மூச்சிழுப்பு. ஊர்ப் புழுதியில் ராத்திரி உட்கார்ந்தே விடியவைக்கிறவர். சிறுமலையில் ஐயாவுக்குத் தம்பியிடமிருந்து பங்காகக் கிடைத்த கொஞ்ச இடத்தில் இருவரும் ரெண்டு அறை கட்டினார்கள். சுவர் எழும்பியதோடு கை வறண்டுவிட்டது. மேலே தார்ப்பாய். அப்படியே குடிபோய்விட்டார்கள், ஏனென்றால் அங்கே அந்த அம்மாவுக்குத் தூக்கம் வந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் கூரை வேண்டும்.

ஷீட் என்ன அளவில் வெட்டுவது என்று பார்த்துவர முதலாளி என்னையும் அண்ணனோடு அனுப்பினார். தார் ரோடு முடிகிற இடத்தில் பைக்கை விட்டுவிட்டு, காப்பிச் செடிகளுக்குள் மேட்டுப் பாதையில் நெடுநேரம் நடந்தோம். குதிரைகள் எலுமிச்சை மூட்டையோடு எதிரே இறங்கி வந்தன. வழிவிட ஒதுங்கினால் ஒரு காலை வைக்கத்தான் இடமிருந்தது. வீடு மேட்டு விளிம்பில் நின்றது. தார்ப்பாய் மூச்சு விடுவதுபோல உப்பி உப்பி அடங்கியது.

அண்ணன் அளந்தார். ஐயா பின்னாலேயே வந்தார்.

“மதுரையில என் மச்சினன் வீட்டு மாடியில இதே அளவுதான். இம்புட்டு ஆகும்னு அவன் சொல்லலையே.”

“மாடியில காத்து விளையாடும்யா. இங்க காத்து வேலை பாக்கும். கீழ இருக்க பைப்ப நெருக்கிப் போடணும், ஸ்க்ரூ ரெண்டு பங்கு இறுக்கணும். இருபதடி ஷீட்ட ஏத்துனா வண்டி வளைவுல திரும்பாது. பத்தடியா வெட்டணும். வெட்டுனா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காரணும், அதுல ஷீட்டு கூடும். ஆளுக இங்கனயே தங்கணும், திங்கணும்.”

“ஆக, மலைக்கு வந்ததுக்கு அபராதங்கிறீங்க.”

“காத்து கேக்குற அபராதம்யா. நான் கேக்கல.”

ஹம்சவேணி அம்மா வாசலில் நின்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலாகி, அப்புறம் மறுபடி சிரிப்பாகவே முடிந்தது.

நாடா விரல்களுக்கிடையே ஓடி அடங்கியது. “ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும்யா,” என்றார் அண்ணன். “ஏத்துக்கூலி உள்பட.”

பரவையில் எல்லாரும் விலையை இப்படித்தான் முடிப்பார்கள். கடையில் ஷீட்டை வண்டியில் ஏற்றுகிறவர்களுக்கான கூலி தன் பொறுப்பு என்று பொருள். வண்டி நின்ற இடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோவது வீட்டுக்காரர் பாடு. அதை யாரும் தனியாகச் சொல்வதில்லை.

ஐயாவும் அம்மாவும் கொஞ்சம் தள்ளிப் போய் சௌராஷ்டிரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மதுரையில் வளர்ந்தவனுக்கு அந்தப் பாஷையின் ஓசை பழக்கம், பொருள்தான் பழக்கமில்லை. தாழ்ந்த குரலில் நீண்ட பேச்சு. நடுவில் எனக்கு விளங்கியது ஒரே சொல், ‘ஏத்துக்கூலி’. அதைச் சொன்னபோது ஐயாவின் கை பாதையைக் காட்டியது. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டார், தலையை ஆட்டினார்.

அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று அண்ணன் வாசல் உயரத்தை இன்னொரு தடவை அளந்துகொண்டிருந்தார். திடீரென்று ‘டப்’. நாடா முழுக்க ஓடிவந்து கூட்டில் முட்டியது. அவர் டேப்பிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டது அன்றைக்குத்தான். விரலில் ரத்தக்கோடு.

“வழுக்கிருச்சு தம்பி,” என்று விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

ஐயா திரும்பி வந்தார். “சரி அழகுமலை. ஆரம்பிச்சுருங்க.”

அண்ணன் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வருவதுபோல இருந்தது. தார்ப்பாயைப் பார்த்தார், வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

“சரிங்கய்யா,” என்றார்.

புரட்டாசி நடுவில் ஷீட்டும் பைப்பும் ஒரு குட்டியானை வண்டியில் ஏறின. பத்தடியாக வெட்டியும் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு சிவப்புத் துணியைக் கட்டினோம். சரக்கை எண்ணி ஒப்படைக்க நானும் போனேன். தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டி நின்றது. ஐயா குச்சி ஊன்றிக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். கூடவே குதிரைக்காரர் சிவனாண்டி, வேடிக்கை பார்க்க.

அண்ணனிடம் வெல்டிங் வேலைக்கு வந்த சோலை வண்டியிலிருந்து குதித்தார். “ஐயா, தூக்குற ஆளுக எங்க?”

“நீங்கதான கூட்டியாரணும்?” என்றார் ஐயா. “ஏத்துக்கூலி உள்படன்னுதான பேச்சு.”

“ஏத்துக்கூலின்னா வண்டியில ஏத்துற கூலிங்க.”

“உங்க சரக்க உங்க வண்டியில ஏத்துறதுக்கு எதுக்குத் தம்பி என்கிட்ட கூலி சொல்லணும்?”

சிவனாண்டி குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்: “எங்க ஊர்ல மலைக்கு ஏத்துனா ஏத்துக்கூலி, மலையவிட்டு எறக்குனா எறக்குக்கூலி. வேற என்னப்பா இருக்கு?”

“அது உங்க ஊர்ல. பரவையில வந்து கேட்டுப் பாருங்க.”

“வீடு பரவையிலயா இருக்கு?”

ஐயாவின் முகம் வெளிறிவிட்டது. சண்டைக்கு வந்தவர் மாதிரி இல்லை. “அன்னைக்கே எங்க பாஷையில வீட்டுக்காரிகிட்ட சொன்னேங்க. மேல தூக்குற கூலியும் சேத்துதான் சொல்றாரு, அதனால நமக்குக் கட்டும். அது தனின்னா நம்மால ஆகாது, பேசாம கீழயே போயிருவோம்னு. அத நம்பித்தான் சரின்னேன். ஏமாத்தணும்னு இல்ல.”

எல்லாரும் அண்ணனைப் பார்த்தோம். தலைச்சுமையாகத்தான் போகவேண்டும். குதிரையில் கட்ட முடியாது; ஷீட்டின் பளபளப்புக்கும் சத்தத்துக்கும் மிரண்டுவிடும். மலை ஆட்களுக்குக் கொடுத்தால் அண்ணனுக்கு அந்த வேலையில் லாபமாக நிற்பது ஒன்றுமில்லை. கையிலிருந்துதான் போகும்.

“உள்படன்னு சொன்னது நாந்தான்யா,” என்றார் அண்ணன். “உள்படன்னா உள்படதான். நீங்க மேல போங்க, அம்மா தனியா இருக்கும்.”

ஐயா போன பிறகு சோலை அடிக்குரலில் கேட்டார். “அண்ணே, அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க?”

“மலை கொஞ்சம் உசரமாப் போச்சுன்னு சொல்றேன்.”

சிவனாண்டி ஆள் பிடித்துக் கொடுத்தார். தலையில் சும்மாடு வைத்து, ஒரு ஷீட்டுக்கு ரெண்டு பேர், முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர். திறந்த மேட்டில் காற்று வந்ததும் ஷீட் தூக்கியவரையே தூக்கப் பார்த்தது. “காத்து, காத்து” என்று முன்னால் போகிறவர் கத்தினால் எல்லாரும் ஷீட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். பச்சைச் சரிவில் சிவப்புத் தகடுகள் எழுவதும் உட்காருவதுமாக நகர்ந்தன. அண்ணனும் ஒரு ஆளாகத் தூக்கினார், ஒரு கூலி மிச்சமாகட்டும் என்று. மேலே போய்ச் சேர்ந்தபோது அவரால் பேச முடியவில்லை. ஹம்சவேணி அம்மா செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, “நீங்களும் என்ன மாதிரியே மூச்சு வாங்குறீங்களே,” என்றார்.

வேலையில் அவர் எதையும் குறைக்கவில்லை. ஸ்க்ரூ ரெண்டு பங்குதான். கடைசி நாள் கூரைமேல் ஏறி, நாலு மூலையிலும் குதிகாலால் மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.

தமிழ்ச்செல்வி அக்கா அதிகம் பேசவில்லையாம். “ஒரு வார்த்தையச் சரியாக் கேட்டுச் சொல்ல வாய் இல்லையா உங்களுக்கு?” என்று மட்டும் கேட்டதாம். தீபாவளி முடிந்து அண்ணன் மறுபடி ஜெயபாண்டியின் வண்டியில் ஏறினார். எங்கள் கடை வாசலில் வைத்தே வரவேற்பு நடந்தது.

“வாங்க மாப்ள. நம்மகிட்ட சம்பளம் மட்டுந்தான். ஏத்துக்கூலி, எறக்குக்கூலி எல்லாம் அதுக்குள்ளயே உள்பட.”

ஆட்கள் சிரித்தார்கள். அண்ணன் டிபன் தூக்கை வண்டிக்குள் வைத்துவிட்டு, மேஜையில் மீந்திருந்த கார்டுக் கட்டை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அதன் பின்பக்கத்தில் அளவு எழுதுகிறார். கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துவருகிறது.

மழை பலத்த ஒரு சாயங்காலம் அவருக்கு மலையிலிருந்து போன் வந்தது. காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மாவே நின்றார்.

“யாருண்ணே?”

“ஹம்சவேணியம்மா. ஷீட்டுல மழை விழுகுற சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அந்தச் சத்தத்தத்தான் எனக்குக் கேக்க வைக்குது போல.”

அந்த ஏத்துக்கூலிப் பேச்சில் அண்ணன் கவனமில்லாமல் வாய் தவறிச் சொல்லிவிட்டு மாட்டிக்கொண்டார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தது. ஜெயபாண்டி இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

இந்தப் பங்குனியில் சாய்பிரசாத் என்று ஒருவர் தன் சாயப்பட்டறைக்கு ஷீட் கேட்டுக் கடைக்கு வந்தார். வாசலில் அண்ணனைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு சௌராஷ்டிரத்தில் என்னவோ கேட்டார். அண்ணன் அதே பாஷையில், நிறுத்தாமல், ஏதோ கேலியாகச் சொல்லிச் சிரித்தார். நான் பில் புத்தகத்தை மூடிவிட்டு நின்றேன். அண்ணன் என்னைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு, பைப் எடுக்கவேண்டும் என்று உள்ளே போய்விட்டார்.

“இவருக்கு உங்க பாஷை தெரியுமா?” என்றேன் சாய்பிரசாத்திடம்.

“உங்களுக்குத் தெரியாதா? கல்யாணத்துக்கு முந்தி எட்டு வருஷம் முனிச்சாலையில எங்க பட்டறையிலதான் இருந்தாரு. எங்க அம்மா இவரத் திட்டுனதெல்லாம் எங்க பாஷையிலதான். நாங்க கிசுகிசுன்னு பேசுனாக்கூட ஒரு சொல் விடமாட்டாரு.”