கால்வலிக்காக வேண்டினேன், தாழ்ப்பாள் கிடைத்தது

நல்ல தூக்கத்தில் என் வலது கெண்டைக்காலை யாரோ ஈரத் துணியைப் போலப் பிழிவார்கள். அப்படித்தான் இருக்கும். சதை கல்லாகத் திரண்டுவிடும். விரல்கள் தாமாக மடங்கும். வாய் திறந்திருக்கும், சத்தம் வராது. போன தவக்காலத்துக்கு முன்பிருந்தே வாரத்தில் மூன்று நான்கு இரவுகள் எனக்கு இப்படித்தான் கழிந்தன.

நம் பங்கின் அன்பியக் குழுவில் பலருக்கு என்னைத் தெரியும். திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில் நிற்கிறவள். காலையில் ஏறி நின்றால் கடை சாத்தும்வரை நிற்பதுதான் வேலை. சின்னாளப்பட்டிச் சுங்குடியை உதறி விரிக்கும்போது அது ஒரு நொடி காற்றில் தங்கி நிற்குமே, அந்த ஒரு நொடிக்காகவே எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

வலியைவிடப் பயம் பெரிது. ஆயக்குடியில் இருக்கும் என் அண்ணனுக்குச் சர்க்கரை நோயால் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். அவருக்கும் முதலில் கால்வலிதான் வந்தது என்று அண்ணி சொன்னது என் காதிலேயே தங்கிவிட்டது. எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டினேன். பரிசோதனைக்குப் போகவில்லை. போனால் தெரிந்துவிடுமே! வீட்டுக்காரர் அந்தோணியிடமும் சொல்லவில்லை. அவர் தூக்கம் கெடக்கூடாதென்று சமையலறையில் பாய் போட்டுக்கொண்டேன். வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதி விவிலியத்துக்குள் வைத்தேன். தினமும் எடுப்பேன், படிப்பேன், மறுபடி வைப்பேன்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. நெற்றியில் சாம்பலோடு முழங்காலிட்டு நேர்ந்துகொண்டேன்: ஆண்டவரே, என் காலை எனக்குத் தாரும், தவக்காலம் முழுக்கப் பகலில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொடமாட்டேன்.

வலி கூடியது. இடது காலும் சேர்ந்துகொண்டது. சோதனை என்று நினைத்து இன்னும் பிடிவாதமாக இருந்தேன். ஒருநாள் ஆண்டவரிடம் கோபித்துக்கொண்டு செபமாலையைக்கூடத் தொடாமல் படுத்தேன். அன்றும் இழுத்தது.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து படியிறங்கும்போது, பங்குக் கோயில் மருந்தகத்துச் சிஸ்டர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன மேரி, நொண்டுற?"

சொன்னேன்.

"ஒரு நாளைக்கு எத்தன தம்ளர் தண்ணி குடிக்கிற?"

"தவக்காலம் சிஸ்டர். பகல்ல தொடுறதில்ல." சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"சரி, தவக்காலத்துக்கு முன்னாடி?"

செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

"முன்னாடியும் குடிக்கல. அப்ப இது தவ ஒறுத்தல் இல்லம்மா. குடிக்காம இருந்ததுக்கு ஆண்டவர் பேர வச்சிருக்க. ஏன் குடிக்கல, அதச் சொல்லு."

என் ஐம்பது வயதில் யாரும் என்னை அப்படித் திறந்து பார்த்ததில்லை. அழுதுகொண்டே சொன்னேன். எங்கள் கடையில் பெண்களுக்கான கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. அது விழுந்து எவ்வளவு காலமோ! ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முகூர்த்த நாட்களில் இரண்டு பேர் எப்படி இடத்தை விட்டு நகர்வது? அதனால் யாருமே தண்ணீர் குடிப்பதில்லை. என்னோடு நிற்கும் பாண்டியம்மா, புதிதாகச் சேரும் ஒவ்வொருத்தியிடமும் சொல்வாள்: "ஏ புள்ள, சீலை மடிக்கப் பழகுறதுக்கு முன்னாடி தண்ணி குடிக்காம இருக்கப் பழகு." நாங்கள் சிரிப்போம். சிரித்துச் சிரித்தே அது எங்கள் வழக்கமாகிவிட்டது.

இந்த ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர். என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது ஹார்டுவேர்ஸ் கடையில். நாளெல்லாம் தாழ்ப்பாளும் கீலும் எடுத்துக் கொடுக்கிறவர். அவரிடம்கூடச் சொல்ல எனக்கு நாக்கு கூசியது. அண்ணன் காலை நினைத்துப் பயந்ததையும் சிஸ்டரிடம் சொன்னேன்.

"நாளைக்கே டாக்டரப் பாரு. ஒங்க அண்ணன் காலு வேற, ஒன் காலு வேற," என்றார் சிஸ்டர்.

பார்த்தேன். சர்க்கரை இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே சிலுவை போட்டேன். இரவில் வரும் இந்தப் பிடிப்புக்குப் பலருக்குக் காரணமே தெரிவதில்லை என்றார் டாக்டர். வயது, சில மாத்திரைகள், நாளெல்லாம் நிற்பது, தண்ணீர் குறைவு, எதுவும் தூண்டலாமாம். எனக்குக் கடைசி இரண்டையும் முதலில் சரிசெய்யச் சொன்னார். கால் வீங்கினாலோ சிவந்தாலோ மரத்துப்போனாலோ உடனே வரச் சொன்னார்.

வலி பிடித்தால் செய்ய வேண்டியதைச் சிஸ்டர் செய்தே காட்டினார். பதறி எழக்கூடாது. முழங்காலை நீட்டி, பாதத்தின் முன்பக்கத்தைத் துண்டு போட்டு நம் பக்கம் மெல்ல இழுத்துப் பிடிக்க வேண்டும். சதை இளகியதும் நீவிவிட்டு, வெதுவெதுப்பான ஒத்தடம். படுக்கும் முன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முன்னே சாய வேண்டும். ஒரு காலுக்கு ஒரு கர்த்தர் கற்பித்த செபம் என்று நான் கணக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் அதைப் பார்த்த அந்தோணி கேட்டார்: "செவுத்தத் தள்ளி அடுத்த வீட்டுக்குப் போகப் போறியா?"

சிரிப்பும் அழுகையுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், கடிதத்தைத் தவிர.

"ஏ மேரி, ஊருக்கெல்லாம் தாழ்ப்பா குடுக்குறவன் நானு. எங்கிட்டச் சொல்ல மாட்டியா?"

"எப்படிங்க சொல்றது?"

"இப்பச் சொன்னேல்ல, இப்படித்தான்."

மறுநாள் கடை திறக்கும் முன் மேனேஜர் முன்னால் போய் நின்றேன். கைப்பையில் அந்தக் கடிதமும் இருந்தது. அவர் மறுத்தால் அதைக் கொடுத்துவிடுவதாக எண்ணம். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இத்தன நாளா யாருமே சொல்லலையேம்மா. நாளைக்கே ஆள் வரச் சொல்றேன்."

"ஆளு கீழ நிக்கிறாருங்க சார்."

அந்தோணி ஸ்க்ரூடிரைவரோடு மாடியேறி வந்தார். புதுத் தாழ்ப்பாளை வைத்துத் திருகினார். பழைய ஓட்டை பெரிதாகிப்போய் ஸ்க்ரூ நிற்கவில்லை.

"காயிதம் எதுவும் இருந்தாக் குடு, மேரி."

என் பையில் ஒரே ஒரு காகிதம்தான் இருந்தது. கொடுத்தேன். அவர் அதைப் படிக்கவில்லை. கிழித்துச் சுருட்டி ஓட்டைகளில் திணித்து ஸ்க்ரூவை முறுக்கினார். "இனி அசையாது," என்றார்.

முதலில் பாண்டியம்மாதான் உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் பழக்கதோஷத்தில் வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து கத்தினாள்: "அக்கா, நீங்க போயி சோலியப் பாருங்க!"

வெளியே வந்தவள் சொன்னாள்: "நான் முருகங்கிட்ட இதக் கேக்கவே இல்ல. ஒங்க சாமி எனக்கும் சேத்துல்ல குடுத்துருச்சு!"

இப்போது எங்கள் சேலைப் பிரிவில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் நிற்கிறது. பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி என் நேர்ச்சையை மாற்றிக்கொண்டேன். கால்வலி அறவே போய்விட்டது என்று பொய்ச் சாட்சி சொல்லமாட்டேன். மாதத்தில் ஒருநாள் எட்டிப் பார்க்கும். துண்டைப் போட்டு இழுத்துவிட்டு மறுபடி தூங்கிவிடுவேன். சமையலறைப் பாய் பழையபடி பரணுக்குப் போய்விட்டது.

அன்பானவர்களே, நான் காலைக் கேட்டேன். ஆண்டவரோ நான் சொல்லக் கூசிய ஒரு வார்த்தையை என் வாயிலிருந்து வெளியே எடுத்தார். எனக்குக் கிடைத்த பதில் அதுதான். நீங்களும் அவரை நம்பிக் கேளுங்கள். கேட்டு முடித்து எழுந்ததும், பக்கத்தில் இருப்பவரிடமும் அதைச் சொல்லிப்பாருங்கள். என் ராஜினாமாக் கடிதம் இன்றைக்கும் அந்தக் கதவுக்குள் இருக்கிறது, ஸ்க்ரூக்களை அசையாமல் பிடித்துக்கொண்டு.