தா, லவ்

அந்த சீரியலைப் பற்றி யார் இளக்காரமாகப் பேசினாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். போன வாரம்கூட வந்தது. துபாயில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். இங்கிலாந்துக்காரர்கள் இரண்டு பேர், தங்கள் ஊர்த் தொலைக்காட்சியிலேயே படு மட்டமான சீரியல் எது என்று பேச ஆரம்பித்தார்கள். ஒருவர் யோசிக்கவே இல்லை, உடனே அதன் பெயரைச் சொன்னார். கதவைச் சாத்தினால் சுவர் ஆடும் என்றார். பிணமாகப் படுத்திருந்தவர் தும்மியதைத் தன் கண்ணால் பார்த்ததாக மற்றவர் சொன்னார். இத்தனை வருடம் அதை எவன்தான் உட்கார்ந்து பார்த்தானோ என்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் பார்த்திருக்கிறேன் என்றேன். நானும் கேலியில் சேர்ந்துகொண்டதாக நினைத்து இன்னும் சிரித்தார்கள். நிஜமாகவே நல்ல சீரியல் என்றேன். அதன்பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. போனது அவர்களுக்கு நல்லது.

சுவர் ஆடும்தான். எனக்குத் தெரியாதா? நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அபுதாபிப் பாலைவனத்து ருவைஸில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் ஏசி ஓடினால் எங்கள் வீட்டுச் சுவர்கூடத்தான் ஆடியது. அதற்காக நாங்கள் குடும்பம் நடத்தாமல் இருந்தோமா?

அப்பாவுக்கு அங்கே சுத்திகரிப்பு ஆலையில் வேலை. மூன்றாவது மாடி வீடு. கூடத்து ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் ஆலையின் புகைபோக்கி உச்சியில் இரவும் பகலும் எரியும் நெருப்பு. ஜன்னலுக்கு இந்தப் பக்கம், தொலைக்காட்சிப் பெட்டிக்குள், எந்நேரமும் மழை. இங்கிலாந்தில் வடக்கே ஏதோ ஓர் ஊரில் ஒரு தெரு, தெருமுனையில் ஒரு சலவைக்கடை, அந்தக் கடையை நடத்துகிற பருமனான ஓர் அம்மாள். இவ்வளவுதான் சீரியல். ஊரில் நடக்கிற கல்யாணம், சாவு, களவு, கள்ளத்தொடர்பு எல்லாம் அழுக்குத்துணியோடு அந்தக் கடைக்கு வந்து சேரும். பழைய எபிசோடுகளை ஏதோ ஒரு சேனலில் தினமும் மாலை நான்கரைக்குப் போடுவார்கள். அம்மா அதற்கு முன்பே அடுப்படி வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள்.

திரையில் மழை பிடித்துக்கொண்டால் அம்மா சட்டென்று எழுந்து பால்கனியில் காயும் துணியை எடுக்கப் போவாள். பாதி வழியில்தான் தான் பாலைவனத்தில் இருப்பது நினைவுக்கு வரும். தலையில் தட்டிக்கொண்டு திரும்பி வருவாள்.

அதில் வருகிற எல்லோருக்கும் அவள் முறை வைத்திருந்தாள். சலவைக்கடை அம்மாள் மைனி, அதாவது அண்ணி. மைனியின் உதவாக்கரைப் புருஷன் அண்ணாச்சி. எதிர்க்கடையில் கறி வெட்டுகிறவர் கொழுந்தன். ஒரு நாள் மைனியாக வேறு ஒரு நடிகை வந்து நின்றாள். உயரம் வேறு, முகம் வேறு, குரலே வேறு. தெருவில் ஒருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அம்மா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள், “கவல ஒண்ணா ரெண்டா? மெலிஞ்சுட்டாவ, பாவம்” என்று அவளையும் மைனியாகவே ஏற்றுக்கொண்டாள். சொந்தக்காரர்களிடம் வேறு எப்படி நடந்துகொள்வது?

அந்தத் தெருவில் யார் வந்தாலும் டீ கொடுப்பார்கள். வாங்கிக்கொள்கிறவர் “தா” என்பார். முதல் தடவை அதைக் கேட்டபோது அம்மாவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

“கேட்டியாட்டி, தா-ங்கா. நம்ம தா. ஆனா டீய கையில வாங்கிக்கிட்டுல்லா தா-ங்கா? எவ்வளவு குடுத்தாலும் பத்தாது போலுக்கு.”

வெள்ளைக்காரர்கள் பேராசைக்காரர்கள் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அது நன்றி சொல்கிற வார்த்தை என்பதைப் பிறகு அவளாகவே கண்டுபிடித்தாள். ‘லவ்’வும் அப்படித்தான். மைனி பால்காரனையும் லவ் என்பாள், போலீஸ்காரனையும் லவ் என்பாள், கடன்காரனையும் லவ் என்பாள். அது வேறு லவ், நம் ஊரில் ‘கண்ணு’ என்பது மாதிரி என்று அம்மா எனக்கு விளக்கினாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைகளோடு வீட்டிலும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. உப்பு கேட்பதைக்கூட இங்கிலீஷில் கேட்க ஆரம்பித்தார். அம்மா திருநெல்வேலியில் தமிழிலேயே பி.ஏ. வரலாறு படித்தவள். அவளுக்கும் எனக்கும் நடுவில் ஈட், பாத், ஸ்லீப் என்று மூன்று சொற்கள் மிச்சம் இருந்தன. அவள் எதையாவது தமிழில் கேட்பாள், நான் போகிற போக்கில் இங்கிலீஷில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். போகப்போக, அம்மாவைப் பற்றி அம்மாவை வைத்துக்கொண்டே பேசுவதற்கு எனக்கும் அப்பாவுக்கும் அது வசதியாகப் போயிற்று. குழம்பில் காரம் அதிகம், புடவை நிறம் சரியில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டிருப்போம். அவள் பரிமாறிக்கொண்டிருப்பாள்.

ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை முடிந்ததும் அப்பாவின் மேனேஜர் தன் வில்லாவில் எல்லாருக்கும் விருந்து வைத்தார். மேனேஜர் இங்கிலாந்துக்காரர். காரில் போகும்போதே அப்பா அம்மாவுக்குப் பாடம் நடத்திவிட்டார்.

“எவன் என்ன கேட்டாலும் யெஸ், நோ, தேங்க்யூ. மூணு போதும். மேக்கொண்டு வாயத் தொறக்காத.”

தோட்டத்தில் அடுப்பு மூட்டி மேனேஜரே இடுக்கியோடு நின்று பரிமாறிக்கொண்டிருந்தார். வரிசையில் அம்மாவின் முறை வந்தது. அரக்குப் பட்டுப்புடவை கட்டியிருந்தாள். அவர் ஒரு சுட்ட உருளைக்கிழங்கை அவளுடைய தட்டில் வைத்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்து, மைனியின் அதே இழுவையில், “தா, லவ்” என்றாள்.

இடுக்கி அப்படியே நின்றது. முதலில் சிரித்தது மேனேஜரின் மனைவி. பிறகு வெள்ளைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் நம்மவர்களும் சிரித்தார்கள். இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டாள். அம்மா சீரியலின் பெயரைச் சொன்னாள். அவ்வளவுதான், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவோடு வேலை பார்க்கும் ஒருவரின் மனைவி, சென்னைக்காரி, கண்ணீரைத் துடைத்துக்கொண்டே, “ஐயோ, அதெல்லாமா பாப்பீங்க?” என்றாள்.

அம்மா தட்டை இறக்கவில்லை. சிரிப்பு ஓயட்டும் என்று காத்திருந்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“வீ ஆல்சோ சே தா. வீ சே பிஃபோர். யூ சே ஆஃப்டர்.”

அதையும் அவர்கள் ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அம்மா ஒரு நாற்காலியைத் தேடிப் போய் உட்கார்ந்து உருளைக்கிழங்கைத் தோலோடு முழுவதும் தின்றாள். நான் அவளுடைய மகள் என்று தெரிந்துவிடக் கூடாது என்று நீச்சல்குளத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மறுநாளிலிருந்து ஆலையில் அப்பாவிடம் பேனா வாங்குகிறவன்கூட “தா, லவ்” என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தவர், பையை வைப்பதற்கு முன்பே தீர்ப்பைச் சொல்லிவிட்டார். டிஷ் கார்டை மாற்றப்போகிறார். அந்தச் சேனல் போய்விடும், தமிழ்ச் சேனல்கள் வரும்.

“ஊருல அத்தன பொம்பளையளும் தமிழ் சீரியல் பாத்து அழுதாளுவோ. நீ மட்டும் என்ன, பிரிட்டிஷ் மகாராணியா?”

“தமிழ்தான் எனக்குத் தெரியும்லா” என்றாள் அம்மா.

அப்பா அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கார்டு மாற்றுகிற ஆள் வந்தார். மலையாளி, நல்ல மனிதர், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தார். அவர் வந்த நேரம் பார்த்துத் திரையில் மைனி கடையைத் திறந்துகொண்டிருந்தாள். அம்மா எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“மாஃபி” என்றாள். கிடையாது என்பதற்கு அங்கே எல்லோரும் சொல்கிற அரபிச் சொல்.

அந்த வீட்டில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. வந்தவர் அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

“சேச்சி, சார் விளிச்சதாணு…”

“சார் மாஃபி. கார்டு மாஃபி. கலாஸ்.” கலாஸ் என்றால் முடிந்தது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. வெளி ஆள் முன்னால் தமிழில் சண்டை போட முடியாமல் வழக்கம்போல என் பக்கம் திரும்பி இங்கிலீஷில் அலுத்துக்கொண்டார். நானும் வழக்கம்போல இங்கிலீஷில் அவருக்கு ஒத்து ஊதினேன். அம்மாவுக்கு அதில் ஒரு வார்த்தைகூடப் புரியாது, சும்மா படம்தான் பார்க்கிறாள், மாற்றிவிடச் சொல்லுங்கள் என்றேன்.

அம்மா திரும்பினாள். ஒரு கையை இடுப்பில் வைத்தாள்.

“ஐ ஆம் ஸ்டாண்டிங் ரைட் ஹியர், லவ்.”

மைனி அடிக்கடி சொல்வது அது. தன் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்கள் கையும் களவுமாக மாட்டும்போது சொல்வாள். அந்த ‘லவ்’வில் கண்ணுவும் இருந்தது, கன்னத்தில் விழும் அறையும் இருந்தது. அப்பா சோஃபாவில் உட்கார்ந்துவிட்டார். கார்டுக்காரர் விஷயம் தெரிந்த ஆள். “எந்நா ஞான் பின்னே வராம்” என்று முனகிவிட்டு வாசலில் செருப்பைத் தேடினார். பிறகு அவர் வரவே இல்லை.

அதன்பின் அம்மா தமிழுக்கு வந்தாள்.

“நீங்க ரெண்டு பேரும் பேசுதது எனக்கு வெளங்கும். கொழம்பு காரம்னு சொன்னதும் வெளங்கிச்சு, சேல கலரு நல்லால்லன்னு சொன்னதும் வெளங்கிச்சு. இவ வேகமாச் சொல்லிட்டு ஓடுதா பாருங்க, அதுதான் இன்னும் பாதி வெளங்கல. அது வெளங்குத வரைக்கும் இந்த டிவியில யாரும் கை வைக்கப்படாது.”

பிறகு உட்கார்ந்து மிச்ச எபிசோடைப் பார்த்தாள். அண்ணாச்சி கோபத்தில் கதவை அறைந்து சாத்தினார். சுவர் ஆடியது. எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

சீரியல் முடிந்ததும் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்தாள். தட்டை என்னிடம் நீட்டினாள். நான் ஒரு பக்கம் பிடித்தேன், அவள் மறுபக்கத்தை விடவில்லை. இழுத்தேன். அவளும் இழுத்தாள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

“தா” என்றேன்.

அது தமிழில் சொன்னதா இங்கிலீஷில் சொன்னதா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. தட்டு என் கையிலும் இருந்தது, அவள் கையிலும் இருந்தது. அம்மா தட்டை விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். கார்டு தப்பித்த சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டு நான் பஜ்ஜியைத் தின்றேன்.

வெள்ளைக்காரிகளோடு சரிக்குச் சமமாகப் பேசிப் பழகத்தான் அம்மா இவ்வளவு பாடுபடுகிறாள் என்பது அப்போது என் எண்ணம். எங்கள் வீட்டுக்கு ஒரு நாளும் எந்த வெள்ளைக்காரியும் வந்ததில்லை. அப்பா பாதி நாள் டியூட்டியில் இருப்பார். அந்த வீட்டில் காலையிலிருந்து ராத்திரிவரை அம்மாவிடம் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தது யார் என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை.