நோரீன் வாசித்த கரண்ட் பில்

ஆல்டர்ஃபோர்டு நகர மன்றத்தில் நோரீன் பிகெட் இருபத்திரண்டு வருடம் எழுத்தராக இருந்தாள். கட்டட அனுமதி கொடுக்கும் பக்கத்து மேசை என்னுடையது. எங்கள் ஊர்க்காரர்களின் அறிவைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் முழுவதும் அந்த மேசையில் உட்கார்ந்து சம்பாதித்தது.

வடக்குக் கலிபோர்னியாவில் எங்களையும் சேர்த்து ஆறு ஊர்களின் மன்றங்கள் ஒன்றுகூடி, காற்றிலும் வெயிலிலும் எடுக்கும் மின்சாரத்தைத் தாங்களே மொத்தமாக வாங்கி வீடுகளுக்குக் கொடுப்பதென்று முடிவு செய்தன. கம்பி, கம்பம், பில் எல்லாம் பழைய கம்பெனியுடையதுதான். மின்சாரத்தை வாங்குவது மட்டும் புதிய கூட்டமைப்பு. எல்லா வீடும் தானாகச் சேர்ந்துவிடும். வேண்டாதவர் ஒரு போன் செய்து விலகிக்கொள்ளலாம். இதைச் சொல்லி வீட்டுக்கு நான்கு கடிதம் போனது. ஆல்டர்ஃபோர்டு நான்கையும் பீட்சாக் கடை விளம்பரத்தோடு குப்பையில் போட்டது. பில்லில் புதுப் பெயரைப் பார்த்த பிறகுதான் ஊருக்கு ரோஷம் வந்தது. நோரீனின் போன் ஓயவில்லை.

"எங்களைக் கேக்காம எப்படிங்க மாத்தினீங்க?"

"நாலு தடவ கேட்டோம்."

"காத்து அடிக்காத அன்னிக்கு என் ஃப்ரிட்ஜ் நின்னுடுமே?"

"நிக்காது. எல்லாருக்கும் ஒரே கம்பிதான்."

ஒரு நாளைக்கு நாற்பது போன். அவள் குரல் ஒரு தடவை கூட உயரவில்லை. எனக்கென்றால் மூன்றாவது போனிலேயே உயர்ந்திருக்கும்.

இவர்களுக்கெல்லாம் தலைவன் டாரல் மச்சாடோ. டிராக்டர் உதிரிபாகம் விற்பவன், கவுன்சிலர். கூட்டமைப்புக்கு எதிராக வாக்களித்த இருவரில் ஒருவன். அதற்குப் பிறகு ஒரு கூட்டம் விடாமல் அதையே பேசினான். அந்த அக்டோபரில் ஒரு காகிதத்தை ஆட்டிக்கொண்டு எழுந்தான்.

"இது என் வீட்டு கரண்ட் பில். பழைய கம்பெனியோடது. இவ்ளோ கம்மியா என்னிக்குமே வந்ததில்ல. அந்தக் கூட்டமைப்பு எதுக்குங்கறேன்? இதப் பதிவுல ஏத்துங்க."

பதிவில் ஏறும் எதையும் எழுத்தர் வாசிக்க வேண்டும் என்பது எங்கள் மன்றத்து விதி. நோரீன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தை வாசித்தாள். திருப்பினாள்.

"ரெண்டாம் பக்கம். மின்சாரம் வழங்கியவர், ஆறு ஊர் மின் கூட்டமைப்பு. வாடிக்கையாளர், டாரல் மச்சாடோ."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

"என்னை யாரு அதுல சேத்தது?"

"யாரும் தனியா சேக்கல, கவுன்சிலர். நீங்க விலகல."

மானமுள்ளவன் ஒரு மாதம் வெளியே தலை காட்டியிருக்க மாட்டான். மச்சாடோ மறுநாள் காலையிலேயே எங்கள் மேசைக்கு முன் நின்றான்.

"சரி நோரீன், உன் பில்லயும் கொஞ்சம் காட்டேன்."

"எனக்கு பில்லே கிடையாது. நான் டிரெய்லர் பார்க்ல இருக்கேன். அங்க அறுபது வீட்டுக்கும் பார்க் ஓனர் பேர்ல ஒரே மீட்டர். அவர் விலகிட்டார். ரெண்டு தடவ கேட்டுப் பாத்தேன், முடியாதுன்னுட்டார்."

அவனிடம் போய் உண்மையைச் சொன்னாளே, அதுதான் அவள் செய்த தப்பு. அடுத்த தேர்தலில் வீடு வீடாகத் துண்டறிக்கை போட்டான்: 'ஊருக்கு விற்கும் எழுத்தர் வீட்டில் அந்த மின்சாரம் இல்லை!' கூடவே அவள் குடியிருக்கும் டிரெய்லர் வீட்டின் படம். தேர்தலைப் பற்றி எழுத்தர் வாய் திறக்கக் கூடாது என்பது விதி, அவள் திறக்கவில்லை. மச்சாடோவைப் பார்த்துச் சிரித்த ஊர் முன்பைவிட அதிக வாக்கில் அவனை ஜெயிக்க வைத்தது. தேர்தல் முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான், பதவிப் பிரமாணம் செய்துவைத்ததும் அவள்தான். பிரமாணத்தில் வரும் 'விசுவாசம்' என்ற சொல்லை அவன் முழுங்கினான். மறுபடி சொல்ல வைத்தாள்.

கூட்டமைப்பின் குழுவுக்கு ஊர் சார்பில் ஓர் ஆள் வேண்டும். ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போக எவருக்கும் மனமில்லை. மச்சாடோ கையைத் தூக்கினான். வசந்தத்தில் செய்தித்தாளில் அவன் படம் வந்தது: சூரியத் தகடுகளுக்கு நடுவே, தலையில் ஹெல்மெட், 'நாங்கள் கொண்டுவந்தோம்' என்ற பேச்சு.

"உனக்கு வயிறு எரியலையா?" என்று கேட்டேன்.

"எரியுது," என்றாள். "சனிக்கிழமை உன் கார் வேணும். முட்டி வலி, நடக்க முடியல."

பார்க்கில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி ஓனரிடம் மூன்றாவது முறை போவதாக உத்தேசம். பாதிப் பேர் போடவில்லை. ஒரு கிழவர் வலைக்கதவுக்குப் பின்னால் நின்றபடியே சொன்னார்:

"நோட்டீஸ் படிச்சேம்மா. உன் வீட்லயே இல்லாதத என் தலையில ஏன் கட்டப் பாக்கற?"

அவள் அவருக்கு விளக்கினாள். முதலிலிருந்து, கடைசி வரை, அதே குரலில். அவர் கதவைச் சாத்தினார். போதும் என்று நான் காரைக் கிளப்பினேன். நோரீன் கையைக் காட்டி நிறுத்தச் சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த வீட்டுப் படியேறினாள்.