அக்காவுக்குக் கேட்காத கிட்டார்

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது அவர் வேலை. ஐம்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, மாடி வீட்டில் அக்காவோடு குடித்தனம். இருபது வருடமாக நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டார் வாசிக்கிறார். அதற்காக வலது கை நகத்தை மட்டும் வளர்த்து வைத்திருப்பதைக் கடையில் கேலி பண்ணாத ஆள் இல்லை.

அக்காவுக்குச் சங்கீதத்தில் ஆனா ஆவன்னா தெரியாது. ஆனால் காது இருக்கிறதே, பொல்லாத காது! அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே, "டேய், மறுபடியும் அங்கேயே சறுக்கிட்டியே" என்பாள். இருபது வருடத்தில் ஒரு நாள் விட்டதில்லை. சொல்வது சரியாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் எரிச்சல்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மனுஷன் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கக் கிளம்பிவிட்டார். கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். எல்லாம் ஒல்லிக் கழுத்து, கம்பிகள் நெருக்கம். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"கிளாசிக்கல்ல இருந்து வர்றவங்களுக்கு அகலக் கழுத்துதான் சார் சரிப்படும். நகத்தையும் வெட்டிடுங்க, ஸ்டீல் கம்பில ரெண்டே நாள்ல பிச்சுக்கும்" என்று உள்ளேயிருந்து ஒன்றைத் தேடி எடுத்து வந்தாள். கை சட்டென்று படிந்தது. சத்தம் எப்படி என்று அவர் கேட்கவே இல்லை.

"ஹெட்ஃபோன் போட்டா அடுத்த ரூமுக்குக் கேக்குமாம்மா?"

"கம்பி லேசா டிக் டிக்னு கேக்கும், அவ்வளவுதான். எல்லாரும் தெருவுக்கே கேக்கணும்னுல்ல சார் வாங்குவாங்க!"

"அக்காவுக்கு உடம்பு முடியல. தூக்கம் கெடும்" என்றார் வாய் கூசாமல். அக்கா வீட்டில் குத்துக்கல் மாதிரி நன்றாகத்தான் இருந்தாள்.

வீட்டிலும் அதே பொய்யைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். "உனக்குத் தொந்தரவா இருக்கக் கூடாதுன்னுதான்க்கா." அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

முதல் வாரம் சொர்க்கம். தப்புத் தப்பாக வாசித்தார், ஏனென்று கேட்க நாதியில்லை. இரண்டாவது வாரம் மாடிப்படி ஏறும்போது அக்கா கீழ்வீட்டு அம்மாவிடம் பேசுவது காதில் விழுந்தது. "என் தம்பி எனக்காகப் பாத்துப் பாத்து வாங்கியிருக்கான்." துணி மடிக்கிற அறையில் இப்போது பேச்சு மூச்சே இல்லை. நானும் ஒரு மனுஷனா என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரே அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஹெட்ஃபோனை அவள் தலையில் மாட்டிவிட்டார். வழக்கமான பாட்டுத்தான். நடுவில் வேண்டுமென்றே ஓர் இடத்தைக் கோட்டைவிட்டு, அவள் முகத்தையே பார்த்தார். ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை, சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிகிற மாதிரி பச்சையாகத் தப்பு விட்டார்.

அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் கொடுத்தாள். "நல்லா இருக்குடா."

யாரோ வீட்டு விருந்தாளி சொல்வதுபோல் சொன்னாள். அவர் கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன். நீ கேக்கக் கூடாதுன்னுதான் இத வாங்கினேன்."

"வாங்கிட்டு வந்த அன்னிக்கே தெரியும்டா" என்றாள் அக்கா. "அதான் இப்ப நீ ரெண்டு தடவ சறுக்கினப்பவும் ஒண்ணும் சொல்லல."